காயாத கடல்

போன செவ்வாய்க்கிழமை காலை, முத்தியால்பேட்டையில் என் பிரேம் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது உப்பளம் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. ரோசாலி அக்கா விடியற்காலையில் தவறிவிட்டார். ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டேன். அன்று கடை திறக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவரைக் கேக்கின் வழியாகத்தான் தெரிந்திருக்கும். பேக்கரியில் பல வருடம் கிரீம் தடவிய கை அது. அதே கையால்தான் வண்ணக் கத்தியையும் பிடித்தார். ஊசுட்டேரி, பாகூர் வயல், குருசுக்குப்பத்துக் கரை என்று எதை வரைந்தாலும் எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பித்தான் வரைவார். பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பிரஷ்ஷு குழப்பிக்கினே இருக்கும்பா. கத்தி அப்பிடியில்ல, வெச்சா வெச்சதுதான்" என்றார்.

அந்தப் படங்களில் வண்ணம் அவ்வளவு தடிமனாக நிற்கும். மேலே பாலாடை மாதிரி காய்ந்துவிடும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டே பழகிய எனக்கு இது தெரியாது. அக்காவின் ஒரே மகள் கல்யாணமாகி பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் கையில் கொடுத்தனுப்ப குருசுக்குப்பத்துக் கடலை வரைந்து, பிரேம் போடக் கொண்டுவந்தார். நான் பெரிய மனது பண்ணி, அவர் கேட்காமலேயே நல்ல கண்ணாடியாகப் பார்த்து அழுத்திப் பொருத்தினேன். மறுநாள் பார்த்தால் அலையெல்லாம் சப்பையாகிக் கிடந்தது. பதறிப்போய்க் கழற்றினேன். பாதிக் கடல் கண்ணாடியோடு வந்துவிட்டது.

அக்கா வந்ததும் நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றேன். கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் கடல்ல பாதிய நீ எடுத்துக்கினியா? சரி, வெச்சிக்க" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. மகள் வெறுங்கையோடு விமானம் ஏறினாள். என் மேல் பழி வரக்கூடாதென்று, "படம் இன்னும் காயலம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கே வந்து கடலைத் திரும்ப அப்பினார். மூன்றே மாதத்தில் பழையதைவிட நன்றாக வந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. காயக் காய மேலே ஒரு அலை வைப்பார். மகள் போனில் கேட்கும்போதெல்லாம் "இன்னும் காயல"தான். இப்படியே ஐந்து வருடம்! ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை.

"யக்கா, நான் பண்ண தப்பு எனக்கு உறுத்திக்கினே இருக்குது. நல்லா பேக் பண்ணி அனுப்பிடறேன், குடுங்க."

"அனுப்பிட்டா அவ இங்க எதுக்குப்பா வரப்போறா? காயலன்னாதான், ஒருநாளு நேர்ல வந்து வாங்கிக்கறேம்மான்னு சொல்லுவா. நீ சும்மா இரு."

படத்தை மறுபடியும் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மகள் அடக்கத்துக்கு வந்தாள். மறுநாள் என் கடைக்கும் வந்தாள். "மாமா, அம்மா படம் காஞ்சிடுச்சா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தை எடுத்து வைத்து, கண்ணாடி போட்டது, அக்கா சொன்ன பொய், அதற்கான காரணம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் முன்பு அக்கா கடைசியாக வைத்த அலை அதில் இருந்தது. அதன் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நீலம் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணி நீட்டினேன், வாங்கவில்லை.

"நெஜமாவே காயல மாமா. இங்கயே இருக்கட்டும். காஞ்சதும் நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

படம் அவளுடையது, அவளே வந்து எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கண்ணாடி போதும். அக்கா வைத்துக்கொள்ளச் சொன்ன பாதிக் கடல் அதில் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை நான் துடைக்கவில்லை. அது எப்போதோ காய்ந்துவிட்டது.