தவில் வித்துவான் குடியிருந்த வீடுகள்

ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது, ஊர்ப் பெருமையும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் வாழ்ந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிற சகோதரர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எந்த வீடு?

நாடெங்கும் பேர் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தவில் வித்துவான் எங்கள் பக்கத்துக் கோவில்களில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பாறசாலை, கொல்லயில், ஒற்றசேகரமங்கலம் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தார். இப்போது ரயிலை விட்டு இறங்கும் ரசிகர்கள் "வித்துவான் வீட்டுக்குப் போகணும்" என்கிறார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஆளுக்கொரு வீடு. கூட ஓட்டுகிற சுகுமாரன் கொண்டுபோகிற வீட்டின் விசேஷம், அங்கே வண்டி திருப்ப இடம் உண்டு.

"இது நியாயமா?" என்று கேட்டேன்.

"எலே, அவரே ஒரு வீட்டுல நிக்கேல்ல. நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?"

கூட வந்தவர்

போன மாதம் ஓர் அம்மா சென்னையிலிருந்து வந்தார். வித்துவானின் மகள். கையில் உறைபோட்ட தவில். அப்பா இருந்த ஏதாவது ஒரு வீட்டில் அதை வைக்க வேண்டுமாம். "எனக்கப்புறம் இது பரண்ல கிடக்கக்கூடாது தம்பி. அப்பாவை நிஜமா ஞாபகம் வச்சிருக்கிற வீட்டுல இருக்கணும்" என்றார். கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. தப்பான வீட்டில் கொண்டு இறக்கினால் பாவம் இல்லையா?

பின்னால் சாமான் வைக்கிற இடத்தைக் காட்டினேன். அவர் தவிலை இருக்கையில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பின்னாடி வேண்டாம் தம்பி. அப்பாவுக்கு ஓரத்து சீட்டுதான் பிடிக்கும்."

சாய்வு நாற்காலி

பாறசாலை வீட்டுக்காரர் துணிக்கடை முதலாளி. தவிலைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். "இதுல சாய்ஞ்சாக்கும் தினமும் வாசிப்பாரு" என்றார்.

அம்மா நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சாய்ஞ்சுகிட்டு எப்படிங்க தவில் வாசிக்க முடியும்?"

"அதாக்கும் அவருக்க வித்தை!"

தாலாட்டு

ஒற்றசேகரமங்கலத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வரவேற்றார்கள். வித்துவானின் வாசிப்பைக் கேட்டு வீடே தாலாட்டுக் கேட்டதுபோல உறங்குமாம். தவிலைக் கேட்டு உறங்கிய குடும்பத்தை நான் அன்றுதான் பார்த்தேன். "அப்புறம் ஏன் அப்பா காலி பண்ணினார்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். பெண்டாட்டிதான் சமாளித்தாள்.

"கூரையில ஓடு எளகிப் போச்சு, அதான். கொட்டுனாலதான் எளகிச்சுன்னு நாங்க யாருட்டயும் சொல்லேல்ல."

கிரேசியக்கா

திரும்பும்போது அம்மா தவிலின் உறையை இழுத்துக் கட்டினார். "ஊருக்கே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார் கடைசியில். எனக்கு மனசு கேட்கவில்லை. கொல்லயிலில் இன்னொரு வீடு உண்டு, ஆனால் அங்கே யாரும் ஆள் கொண்டுபோக மாட்டோம். வித்துவான் பேரைச் சொன்னாலே வீட்டுக்காரி கிரேசியக்காவுக்குக் கோபம் வரும். வருவது வரட்டும் என்று வண்டியைத் திருப்பினேன்.

வித்துவான் பேரைச் சொன்னதும் நினைத்தபடியே ஆரம்பித்தார். "எங்க அப்பச்சனாக்கும் அவரை வீட்ட விட்டு எறக்கி விட்டது! வெளுப்பான் காலத்த நாலு மணிக்குத் தொடங்கும். பத்தாம் கிளாஸ் கணக்குப் பரீட்சையில நான் தோத்தது அந்தக் கொட்டுனாலயாக்கும்." சொல்லிக்கொண்டே விரலால் கதவில் தட்டிக் காட்டினார். "தரிகிட, தரிகிட, தோம். பெறவு ஒரு நிறுத்து. அந்த எடத்துல தெற்றும், தாளம் பெசகிப் போவும். 'அட ராமா'ன்னு தன்னையே ஏசுவாரு. மறுக்கா முதல்லேருந்து! இப்பமும் உறக்கத்துல கேக்குது."

அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கடைசி வரைக்கும் அந்த இடத்துல 'அட ராமா'தான். நல்லாருந்துச்சுன்னு சொன்ன யாரும் அப்பா வாசிச்சதைக் கேக்கலை தம்பி. இவங்கதான் கேட்டிருக்காங்க."

தவிலைத் தூக்கி கிரேசியக்கா கையில் கொடுத்தார். கிரேசியக்கா அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, மெல்லத் தடவினார்.

"வச்சிற்றுப் போ மக்கா, நான் பாத்துக்கிடுதேன். ஆனா விடியுமுன்ன எவனும் இதுல கை வைக்கப்பிடாது, சொல்லியாச்சு."

வித்துவானின் பெருமையைக் கேட்க வருகிறவர்களை நான் இப்போது அவருக்குத் திட்டு விழுகிற ஒரே வீட்டில்தான் கொண்டுபோய் இறக்குகிறேன்.