மருந்தடித்த சுவரடிப் பூச்சிகள்

அப்பாவின் கொப்பியில் ஒரு செவ்வாய்க்கிழமைக் குறிப்பு: “பின்ச் குருவி, குஞ்சு நாலு. கறையான் மட்டும் வைக்கவும்.”

இன்று மாலை மன்னாரில் எங்கள் ஒழுங்கைக்கு டெங்குப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். உடனே மகள் கைநிறையப் பூச்சிகளோடு ஓடிவந்தாள். “அப்பா, எங்கட குருவிக்குஞ்சுகளுக்குப் போடட்டோ? பறக்காமல் கிடந்ததுகள்.”

அந்தப் புகைமணம் என்னைச் சின்ன வயதுப் பேசாலை வீட்டுக்கு இழுத்தது. அப்பா குறிப்பெழுதிய அந்தச் செவ்வாய்க்கிழமை மலேரியாக்காரர் எங்கள் சுவர்களுக்கு மருந்தடித்திருந்தார்கள். கறையான் புற்றுவரை போகப் பஞ்சிப்பட்டு, சுவரடியில் துடித்த பூச்சிகளைப் பொறுக்கிக் கூண்டுக் கிண்ணத்தில் போட்டேன்.

“கறையான் தானே போட்டனீ?” என்றார் அப்பா.

“ஓம்.”

“மாதா அறியச் சத்தியமோ?”

“மாதா அறிய, அப்பா.”

“நல்லது. மருந்துப் பூச்சி திண்டால் குஞ்செல்லாம் செத்துப்போம்.”

கூண்டுக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருந்து கிழிந்த மீன்வலையைப் பொத்தத் தொடங்கினார். அவரைத் தாண்டிப்போய்க் கிண்ணத்தை எடுக்க எனக்குத் துணிவில்லை. உள்ளறையில் இருந்தபடி கீச்சொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது கூண்டில் குஞ்சுகளின் சத்தமில்லை. அப்பா எழும்பமுதல், பூச்சிகள் மிச்சமிருந்தனவா என்று பாராமல், கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கிணற்றடியில் கழுவினேன்.

இன்று, மகள் கொண்டுவந்த பூச்சிகளைக் கொட்டிவிட்டு, அவளின் கைகளை இரண்டுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். அன்று தாய்க்குருவி நான் போட்ட பூச்சிகளில் ஒன்றையாவது ஊட்டியதா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.