டெஸ் பாஸ்கோவும் நீல இன்ஹேலரும்

டெஸ் பாஸ்கோ என் சித்தி மகன். விம்மேரா வட்டாரத்தில் கோதுமை அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். கீழே இறங்கினால் ஓரிடத்தில் நிற்கமாட்டான். அவன் அப்பா ஆல்பிக்கும் மூச்சிளைப்பு, அத்தை ஐடாவுக்கும் இளைப்பு, அவனுக்கும் அதே. சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, நாய்க்கூண்டின் மேல் ஒன்று என்று நீல இன்ஹேலர் வைத்திருப்பான்.

போன அறுவடையில் இளைப்பு முற்றி, ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிப் போனது. முதலாளி கார்டியூ சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மெஷின் சாவி வேற ஆளுக்குத்தான்."

எங்கள் பக்கம் நீலத்துக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். ஆனால் மருந்துக்கடை நெரிடா கேள்வி கேட்பாள். அதற்குப் பயந்து மனைவி, மைத்துனி, மைத்துனியின் மாமனார் வெர்ன் என்று ஆளாளுக்கு அனுப்பி வாங்கினான். நெரிடாவும் அவன் வகையறா, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்தவள் என்பதை மறந்துவிட்டான். ஐடாவின் பேத்தி அவள்.

புல் பூத்து, அதன் மகரந்தத்தை வடகாற்று வாரி வீசிய நாளில் அனுப்ப ஆள் கிடைக்காமல் அவனே வந்தான். கால்வலித் தைலம் வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"என்ன மாமா, வீட்டுல எல்லாருக்கும் இளைப்பா?"

"குடும்ப வியாதிம்மா."

"பொண்ணு கட்டுன வழியில கூடவா? வெர்ன் தாத்தா சைக்கிள்ல மலையேறுறாரு."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலாகி நீண்டது. "ஒண்ணு குடு, கெளம்பணும்."

"தர்றேன். டாக்டர் குடுத்த ஆரஞ்சு கலர் இன்ஹேலர் என்னாச்சு?"

"இழுத்தா ஒண்ணுமே தெரியல. நீலம்னா உடனே மூச்சு வருது."

"நீலம் அந்த நேரத்துக்குத் தெறந்து விடும். உள்ள வீங்கிக் கெடக்கறத ஆரஞ்சுதான் வத்த வைக்கும். மெதுவா. ஒங்களுக்குத்தான் மெதுவா எதுவும் ஆகாதே. எங்க, இழுத்துக் காட்டுங்க."

காட்டினான். வாயோரமாக மருந்து புகையாய் வெளியே வந்தது.

"பாதி என் கடைக்குத்தான் போகுது," என்றாள். பிளாஸ்டிக் குடுவை ஒன்றில் இன்ஹேலரைச் செருகி, நிதானமாக இழுக்கப் பழக்கினாள். டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள். "ஆரஞ்ச தெனமும் இழுங்க, வாய் கொப்புளிங்க. நீலம் பையிலயே இருக்கட்டும். அதை அடிக்கடி தேடுனா நீங்களே வாங்க. தாத்தாவ அனுப்பாதீங்க."

அறுவடை தொடங்கும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் அலைந்தான். ஆனால் எடுப்பது குறைந்துகொண்டே வந்தது.

பாதி வயல் முடிந்தபோது இடி மழை வந்தது. புல் மகரந்தத்தை நொறுக்கிக் காற்றில் பரப்பி இளைப்பைக் கிளப்பிவிடும் மழை அது. கார்டியூ வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்து ஜன்னல்களைச் சாத்தினார். டெஸ் சுவருக்குச் சுவர் நடந்தான். கார்டியூ அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று தெளிந்து, ஈரமும் காய்ந்த பிறகு கேட்டார்: "என்ன, இழுக்குதா?"

"இல்ல. சும்மா இருக்க முடியல, அவ்வளவுதான். சாவியக் குடுங்க."

கொடுத்தார்.