அருவியில் போன சோப்பும் ஓர் அந்நியச் சதியும்

எங்கள் ஊரில் ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சார்ஜாவிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"ஏட்டி, அடி பலமா? எங்கெல்லாம் பட்டிருக்கு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன்.

"என்ன அடி மச்சான்?"

"எங்கிட்ட மறைக்காத. ரூம்ல எல்லாரும் பாத்துட்டோம். ஓட்டுப் போடப் போன இடத்துல போலீஸ்காரன் உங்க மேல தண்ணியப் பீய்ச்சி அடிக்கான். அக்காவும் கூட நிக்கா. நீ வாயப் பொளந்துகிட்டு அலறுதே."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. அவருக்குப் பின்னால், கட்டிலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இங்கே என் சட்டியில் அப்பளம் கரியாகிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் நான் ஓட்டுப் போட்டது உண்மை. எங்கள் வடகரையில், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வரிசையில் நின்று, காவலுக்கு வந்திருந்த பெண் போலீஸின் சட்டைக் கை தளர்வாக இருப்பதைப் பார்த்து, பிரித்துப் பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று யோசனையும் சொல்லிவிட்டு வந்தேன். நான் வீட்டில் இருந்தே தையல் வேலை செய்கிறவள். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது சட்டைக் கைதான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யார் மேலும் தண்ணீர் அடிக்கவில்லை. அந்த வெயிலுக்கு அடித்திருந்தால் வாழ்த்தியிருப்போம்.

மை வைத்த விரலை ஃபோனுக்கு நேரே நீட்டிக் காட்டினேன். "பாருங்க, போட்டாச்சு. ஒரு சொட்டுத் தண்ணி படல. அந்த வீடியோவ அனுப்புங்க முதல்ல" என்றேன்.

அனுப்பினார். நான் அதைப் பார்க்காமலே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் என் கணவரின் அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் சிரிக்க ஆரம்பித்தால் மூன்றாவது வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் வீட்டில் இருந்தாள். மூன்று தலையும் ஒட்டிக்கொண்டு பார்த்தோம்.

திரை முழுக்க வெள்ளையாகத் தண்ணீர் சீறியது. அதற்கு நடுவே, சுடிதாரும் தலையில் இறுகச் சுற்றிய துப்பட்டாவுமாகப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி நான்; வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. என் பக்கத்தில் நின்ற மைனி இரண்டு கையையும் தூக்கி வானத்தைப் பார்த்து, "போச்சே! போச்சே!" என்று கதறினார். கீழே ஆங்கிலத்தில் வரி ஓடியது. மகள் படித்துச் சொன்னாள்: "என் ஓட்டைப் பறித்துவிட்டார்கள்."

மகள் வீடியோவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். பிறகு மைனி, "ஏட்டி, இது ஐந்தருவில்லா!" என்றார்.

ஐந்தருவியேதான். போன வருஷம் சாரல் நேரத்தில் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துக் குற்றாலம் போயிருந்தோம். மகள்தான் படிக்கட்டில் நின்று, ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து, அன்றைக்கே இணையத்தில் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். பாறை தெரியாமல், கம்பித் தடுப்பு தெரியாமல், மேலே மரம் தெரியாமல் யாரோ அதை நான்கு பக்கமும் வெட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது தண்ணீரும் நாங்களும்தான். நான் வாயைப் பிளந்தது மூக்கில் தண்ணீர் ஏறியதால். மைனி கதறியது வேறு விஷயத்துக்கு. கையில் வைத்திருந்த புதுச் சோப்பை அருவி பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. "சோப்பு போச்சே!" என்றுதான் கத்தினார். முன்பாதியை வெட்டிவிட்டு, 'போச்சே'யை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வீடியோவுக்கு மேலே தமிழிலும் எழுதியிருந்தது. அதை மகள் உரக்கப் படித்தாள்: "தண்ணீர் பீரங்கியால் சுடப்பட்ட பெண்கள். வாக்கு மறுக்கப்பட்டது. தயவுசெய்து வருத்தப்படவும்."

'தயவுசெய்து வருத்தப்படவும்' என்ற இடத்தில் மைனி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் மூச்சு வாங்கியபடி இன்னொரு தடவை படித்தாள். தாங்க முடியவில்லை. வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சார்ஜாவில் ஒருவர் என் காயத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு லைனில் இருப்பதே மறந்துபோனது. "ஏட்டி, அழுதியா சிரிக்கியா?" என்று ஃபோனுக்குள் இருந்து அவர் கேட்டார். "அருவி மச்சான், அருவி!" என்றேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் இவ்வளவு நேரம் அழுதது அருவிக்கா?" என்றார்.

மகள் கீழே இறங்கிக் கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு மெல்ல அடங்கியது. எந்த எந்த மொழியிலோ எழுதியிருந்தார்கள். அவள் ஃபோனிலேயே ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க வைத்துச் சொன்னாள். எங்களுக்காக அழுதவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு இது வேண்டியதுதான் என்றவர்களும் இருந்தார்கள். பழிக்குப் பழி வாங்குவோம் என்று ஒருவர். "எங்கள் ஊரில் அடுத்த கட்டத்தில் ஓட்டு. வீட்டுப் பெண்களை அனுப்பப்போவதில்லை" என்று இன்னொருவர். எங்கள் ஓட்டுத்தான் முடிந்திருந்தது. நாட்டில் முக்கால்வாசி இடங்களில் இன்னும் பாக்கி.

"நம்ம சோப்பு போனதுக்கு அவன் எதுக்குட்டி பொண்டாட்டிய வீட்ல பூட்டணும்?" என்றார் மைனி. அவர் குரலில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு போலீஸ் அண்ணாச்சி குடியிருக்கிறார். அச்சன்புதூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், தென்காசியில் வேலை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். லுங்கியும் பனியனுமாக இருந்தவர், வீடியோ என்று சொன்னதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பார்த்து முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, தண்ணி பீய்ச்சுத வண்டிய நானே சினிமாலதான் பாத்திருக்கேன். எங்க ஸ்டேஷன்ல குடிக்கதுக்கே கேன் தண்ணி வாங்குதோம். இவன் எங்கள இவ்வளவு பெரிய ஆளாக்கிட்டானே!"

சிரித்தார். ஆனால் உடனே புகார் எழுத வழி சொன்னார். சைபர் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த எந்த லிங்க்கைக் காட்ட வேண்டும், மூல வீடியோவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, "ஆமா, இந்த அக்கா கையத் தூக்கி எதுக்குக் கத்துதாங்க?" என்று கேட்டார். அருவியில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்று குற்றாலம் முழுக்கப் போர்டு வைத்திருக்கிறார்கள். மைனி என் கையை அழுத்தமாகக் கிள்ளினார். "சும்மா, சந்தோசத்துல அண்ணாச்சி" என்றார்.

புகார் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்து மகளுக்குச் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணின் அழைப்பு. பரவுகிற செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று சரிபார்த்து எழுதுவது அவர் வேலை. மகளின் பழைய வீடியோவைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"அக்கா, இந்த வீடியோவை முதல்ல போட்ட கணக்குகள் எல்லாம் தேர்தல் அறிவிச்ச பிறகு தொடங்கினது. பேர் நம்ம ஊர்ப் பேர், படம் நம்ம ஊர்ப் பொண்ணுங்க படம். ஆனா நடத்துறது வெளிநாட்டிலிருந்துன்னு எங்களுக்குத் தெரிஞ்ச தடயங்கள் சொல்லுது. ஒரே நேரத்துல, ஒரே வரிய, பத்து மொழியில போட்டிருக்காங்க."

"எந்த நாடும்மா?" என்றார் மைனி.

"உறுதியாச் சொல்ல முடியாதுக்கா. தெரியாம ஒரு நாட்டுப் பேரைச் சொன்னா அதுவும் ஒரு பொய்யாயிடும்."

"அந்த நாட்டுக்காரனுக்கு நம்ம வடகரை எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா. நீங்க யாருன்னே தெரியாது. பயந்த மாதிரி நாலு பொம்பளைங்க முகம் வேணும், அவ்வளவுதான். பார்க்கிறவங்க ஒண்ணு பயந்து வீட்ல இருக்கணும், இல்லேன்னா கோபத்துல சண்டைக்குப் போகணும். ரெண்டுல எது நடந்தாலும் அவங்களுக்கு லாபம்."

மைனி யோசித்தார். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நம்மள வச்சுத்தான் இந்தத் தேர்தலையே கவுக்கப் பாத்திருக்கான்!" என்றார். அதில் கோபம் பாதி, பெருமை பாதி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவளை உலக அரசியல் தேடி வந்திருக்கிறது. 

அந்தப் பெண் ஒரு உதவி கேட்டார். அதே இடத்தில், அதே மாதிரி நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? பாறையையும் கம்பியையும் சேர்த்துக் காட்டினால், வெட்டாத மூல வீடியோவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொய்யை உடைத்துவிடலாம்.

மறுநாளே செங்கோட்டை சுற்றி ஆட்டோவில் போனோம். கோடை வெயில். ஐந்தருவியில் வாகனம் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் மட்டும், ஆள் இல்லாத பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அருவியைப் பார்த்ததும் மகளுக்கு முகம் வாடியது. ஐந்து கிளையில் ஒன்றில் மட்டும், தையல் நூல் மாதிரி தண்ணீர் இறங்கியது. மற்ற இடமெல்லாம் காய்ந்த பாறை, காய்ந்த பாசி.

"தண்ணியே இல்லியே மாமி, எப்படி எடுக்க?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "ஏட்டி, அதுதான் நமக்கு வேணும்! இந்தா பாருங்க, இப்ப இங்கன தலை நனையக்கூடத் தண்ணி கிடையாதுன்னு காட்டு. அப்ப அந்த வீடியோ இந்தத் தேர்தல்ல எடுத்ததா இருக்குமா?"

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா, சூட்டிங்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். வெளிநாட்டுச் சதி என்றதும் அவர் தலைமுடியைச் சீவிக்கொண்டு, நாங்கள் கேட்காமலே வந்து பக்கத்தில் நின்றார்.

நான் காய்ந்த பாறைக்கு முன்னால் நின்று விரல் மையைக் காட்டி, நாங்கள் நிம்மதியாக ஓட்டுப் போட்ட கதையைச் சொன்னேன்.  பாதியில் சிரிப்பு வந்தது. அடுத்தது மைனி. அவர் எதற்குக் கத்தினார் என்று சொன்னால்தான் கதை முழுமையாகும்.

"மாட்டேன். போலீஸ் அண்ணாச்சி பாத்தா ஃபைன் போட்ருவாரு."

"சொல்லும்மா, நாட்டுக்காகம்மா!" என்றாள் மகள்.

மைனி துப்பட்டாவைச் சரிசெய்தார். நூல் போல விழுந்த தண்ணீருக்குக் கீழே போய் நின்றார். அது அவர் மூக்கு நுனியில் மட்டும் சொட்டியது. இரண்டு கையையும் தூக்கினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. எங்கிட்ட இருந்து ஓட்டை எவனும் பறிக்கல. போனது சோப்பு. சந்தனச் சோப்பு. கவரைப் பிரிச்சு ஒரு தடவைகூடத் தேய்க்கல. அருவியில சோப்பு போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தப்புத்தான். ஆனா எங்க ஊர்ப் போலீஸ்காரர் மேல பழி போடாதிய, அவங்க பாவம், கேன் தண்ணி குடிக்காங்க!"

எண்ணெய் அண்ணாச்சி கை தட்டினார். மகள் சிரித்த சிரிப்பில் ஃபோன் ஆடி, படத்தின் கடைசிப் பகுதியில் வானம்தான் பதிவானது. அதையும் வெட்டாமல் அனுப்பினோம்.

சென்னைப் பெண் இரண்டு வீடியோவையும் சேர்த்து, கீழே பல மொழிகளில் வரி போட்டு வெளியிட்டார். பொய் ஓடிய அளவுக்கு எங்கள் உண்மை ஓடவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறார்கள் என்றும் சிலர் எழுதினார்கள். ஆனாலும் ஓடியது. முதலில் போட்ட கணக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சார்ஜாவில் என் கணவர் அதை ரூம் ரூமாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் மைனியை நிறுத்தி, "நீங்க சோப்பு அக்காதான?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். போலீஸ் அண்ணாச்சி எதிரே வந்தபோது மைனி முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவரோ, "கேன் தண்ணியச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு நடந்த நேரத்தில், சென்னைப் பெண் ஒரு குரல் பதிவை அனுப்பிவைத்தார். வடக்கே ஏதோ ஒரு சிற்றூரில் இருந்து ஒரு பெண் எங்களுக்கு என்று பேசியது. இந்தி. எங்கள் இருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. சார்ஜாவுக்கு அனுப்பினோம். என் கணவர் வேலை இடைவேளையில் இரண்டு முறை கேட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளை அந்தப் பொய் வீடியோவப் பாத்துப் பயந்துபோச்சாம். ஓட்டுக்குப் போக வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்துச்சாம். அப்புறம் அக்கா சோப்பு சோப்புன்னு கத்துததப் பாத்துச் சிரிச்சிருக்கு. பயம் விட்டுப்போச்சாம். இன்னைக்குக் காலையில தன் நாத்தனாரையும் கூட்டிட்டுப் போயி ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டாச்சாம். யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேங்கு."

"அத நாம எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.  

மைனி ஃபோனை என் கையில் இருந்து பிடுங்கினார். அழைப்பைத் துண்டித்துவிட்டு, குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சென்னைப் பெண் வழியாக அந்த வடக்கத்திப் பெண்ணுக்குப் பதில் பேச ஆரம்பித்தார், முழுக்க முழுக்க வடகரைத் தமிழில். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். நாத்தனாரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சாரல் விழுந்ததும் இரண்டு பேரும் குற்றாலம் வர வேண்டும், எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், பிரியாணி போடுகிறேன் என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாதே என்று நான் சைகை காட்டினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அங்கே அதை யார் மொழிபெயர்த்துச் சொன்னார்களோ, யாருமே சொல்லவில்லையோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதில் பேச்சே இல்லை. இரண்டு பெண்கள் மாறி மாறிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.