ஒரு பிள்ளை மட்டும் இருந்த வகுப்பு

அன்னப்பூரணிக்குப் பதினான்கு வயதான வருடம், 2001இல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவளுடைய ஊரில் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு இயக்கத்தார் வரத் தொடங்கினார்கள். அவள் ஒரே பிள்ளை. தகப்பன் சீனித்தம்பி மட்டக்களப்பில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். ஒரு விடியற்காலையில் மகளைத் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்து, இயக்கத்தின் கை எட்டாத கல்லடியில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். மாட்டையும் வயலையும் விட்டுவர முடியாமல் தாய் ஊரிலேயே நின்றுவிட்டாள்.

கல்லடியில் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் சேர்வதற்கு ஊர்ப் பள்ளியின் விடுகைப் பத்திரம் வேண்டும். அதைக் கேட்டால் பிள்ளை எங்கே போனாள் என்பது வெளியே வந்துவிடும்.

"நானே படிப்பிக்கிறன்," என்றார் சீனித்தம்பி.

காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரை வரை பாடம். பிறகு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவார். பின்னேரம் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி பாடம். இடையில் இருந்த நேரமெல்லாம் அவள் தனியே இருந்தாள். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்து இடைவேளை மணி கேட்கும். அதன் பின்னால் ஒரு இரைச்சல் எழும்பும். கால் மணித்தியாலத்தில் அடங்கிவிடும். அந்த நேரம் அவளும் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

கணக்கு அவளுக்கு நன்றாக வந்தது. விளங்காத ஒன்றைப் பத்துத் தரம் கேட்கலாம், சிரிப்பதற்கு ஆளில்லை. ஒரு வருடப் பாடத்தை எட்டு மாதத்தில் முடித்தாள். விஞ்ஞானம் அப்படியில்லை. அமிலத்தில் நீலப் பாசிச்சாயத்தாள் சிவக்கும் என்று தகப்பன் சொல்லிக் கொடுத்தார். எவ்வளவு சிவப்பு என்று கேட்டாள். அது அவருக்கும் தெரியவில்லை.

சத்தம் வெளியே போகக் கூடாதென்று எல்லாவற்றையும் மெல்லவே வாசித்தாள். இரண்டு வருடத்தில் குரலே அப்படியாகிவிட்டது.

2003 டிசம்பரில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். முதல் நாள் சமய பாடம். "ஒரு காரணத்துக்கும் கிறுகிப் பாக்கப்படாது மனே," என்று தகப்பன் வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். அவள் முன் வரிசையில் இருந்தாள். பின்பக்கம் திரும்பவே இல்லை. விடை எழுதக் கொடுத்த தாள் நிரம்பியதும் பேனையை மூடிவைத்தாள். பின்னால் பிள்ளைகள் கையை உயர்த்தி மேலதிகத் தாள் வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. விடை தெரிந்த நான்கு கேள்விகளை எழுதாமல், முக்கால் மணித்தியாலம் கை கட்டிக்கொண்டு இருந்தாள்.

"கையை உசத்திக் கேட்டிருக்கலாமே," என்றார் சீனித்தம்பி.

"வீட்டில நான் ஒருநாளும் கை உசத்தல்லையே அப்பா."

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெறுபேறு வந்தபோது கணக்குக்கு ஏ. சமயத்துக்குத் தேறியதோடு சரி, சாதாரண சித்திதான். 2004 சித்திரையில் இயக்கம் இரண்டாகப் பிளந்து, பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் பலர் வீடு திரும்பினார்கள். அன்னப்பூரணியும் தாயைப் பார்க்க ஊருக்குப் போனாள். ஊர்ப் பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து படித்த யோகமலரும் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனாள். யோகமலருக்குத் தலைமயிர் கட்டையாக வெட்டப்பட்டிருந்தது.

"நீ படிச்சியாம்," என்றாள் யோகமலர்.

"ஓம்."

"ஆரோட?"

"அப்பாவோட."

"வேற ஆரு?"

"ஒருத்தரும் இல்ல."

யோகமலர் விரல்களை மடித்து எண்ணினாள். "எங்கட வகுப்பில ஏழு பேர் போனம். நாலு பேர்தான் வந்திருக்கம்."

யோகமலரின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள்.

உயர்தரத்துக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இடம் கிடைத்தது. கல்லடி வீட்டுப் பூட்டைக் கழற்றிவிட்டுச் சீனித்தம்பியும் ஊருக்கு மாற்றம் கேட்டார். முதல் வாரம் ஆசிரியை அவளை எழும்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். முன் வாங்கில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் வட்டமாக இருந்து சாப்பாட்டைப் பகிர்ந்தார்கள். அவள் வகுப்பிலேயே இருந்து அடுத்த பாடத்தைப் படித்தாள். கணக்கு விளங்காதவர்கள் அவளிடம் வந்தார்கள். விளங்கியதும் எழும்பிப் போனார்கள்.