பதினான்கு பக்கத்துக்கும் கையெழுத்து

ஊரில் யார் எதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் அவரைக் கிழி கிழியென்று கிழிப்பதுதான் அரசியல் விமரிசகன் பிழைப்பு. சித்தூரில் வீட்டு மாடியில் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, சொந்தச் சேனலில் பேசிக்கொண்டிருந்தவன் நான். என்னைப் போலவே கம்பெனியிடம் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களிடம் சொல்வதற்கென்ன வெட்கம்? வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

சுவரில் இருந்த நான்

திருப்பதியில் ஒரு மீடியா கம்பெனி, என்னையும் என் சேனலையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகக் கூப்பிட்டது. போனால், வரவேற்பறைச் சுவரில் என் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. தொப்பையைக்கூடக் குறைத்திருந்தார்கள். மேனேஜர் பதினான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டேன். கண் மட்டும் சுவரை விட்டு வரவில்லை. நடுவில், "கொஞ்சம் படிச்சுட்டு..." என்று ஒப்புக்கு இழுத்தேன். மேனேஜர் தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார்: "ஊரிக்கே சார், வெறும் ஃபார்மாலிட்டி. நீங்க படிக்காததா?"

ஏரி வீடியோ

புத்தலப்பட்டுப் பக்கத்து விவசாயி முனிரத்தினம். அவர் ஊர் ஏரியில் உள்ளூர்த் தலைவர் ஒருவர் ஜேசிபி விட்டு மண் அள்ளினார். நான் கம்பெனியில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பு, முனிரத்தினத்தையே பேசவைத்து அதை வீடியோ போட்டிருந்தேன். அதிகாரிகள் வந்தார்கள், ஜேசிபி போனது. "இந்த வீடியோ இருக்கிற வரைக்கும் உங்க ஏரியை ஒருத்தனும் தொட முடியாதுண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவன் நான்தான்.

கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் மாதம், அந்தத் தலைவரின் பிறந்தநாள் விளம்பரம் சேனலில் ஓடியது. அன்றே ஏரி வீடியோவைக் காணோம். சண்டைக்குப் போனேன். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை: "பதினொன்னாவது பக்கம் சூடண்டி, பாருங்க சார். பழைய வீடியோ எல்லாம் கம்பெனிது. வெக்கிறதும் எடுக்கிறதும் மா இஷ்டம்."

வக்கீல் படித்தார்

வேலையை உதறிவிட்டேன். இனி வேறு சேனலில் அதையே பேசலாம் என்று நினைத்து, சித்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினான்கு பக்கத்தையும் அவர் படித்தார். நான் விலகினாலும், இரண்டு வருடத்துக்கு என் பெயர், முகம், குரல் மூன்றும் அரசியல் பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாதாம். வழக்குப் போடலாம், முடிய நாளாகும் என்றார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "உங்க வீடியோவைத்தான் சார் என் கட்சிக்காரங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கினு இருந்தேன், படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு."

சபையில்

எங்கள் ஆலயத்தில் கமிட்டித் தேர்தல். யார் ஜெயிப்பார் என்று வழக்கம்போல் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சூடு கண்ட பூனையான நான் ஒப்பந்தத்தைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டேன். பாடகர் குழு ஜெயசீலி அக்கா இரண்டு கையையும் தூக்கினார்: "ரெண்டு வருசமா? ஸ்தோத்திரம்! எத்தினி பேரு இதுக்குச் செபம் பண்ணிக்கினு இருந்தோம்!"

ஏரிக்கரையில்

முனிரத்தினம் போன் செய்தார். ஜேசிபி திரும்ப வந்துவிட்டது. அந்த வீடியோவை மறுபடி போடு என்றார். நேரில் போய், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "நீ போட்ட கையெழுத்துல என் ஏரியும் போச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு தன் போனை என் கையில் கொடுத்தார். "நான் எந்தக் காயிதத்திலயும் கையெழுத்துப் போடல. நான் பேசறேன், நீ புடி." ஜேசிபிக்கு முன்னால் போய் நின்று பேசத் தொடங்கினார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். என்னுடைய பெயரும் முகமும் குரலும் அதில் இல்லை, இரண்டு கைகள் மட்டும்தான். முனிரத்தினம் பேச்சை நிறுத்தினார்: "கை ஆடுது பாரு தம்பி, நேரா புடி."

பதினான்கு பக்கமும் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன பிரயோசனம், கேமரா முன்னால் வாய்விட்டுச் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆகுமே.