போறணைக்கு வெளியே வெந்த கேக்

அறுபதுகளின் பிற்பகுதி. முஸ்லிம்களின் நோன்பு மாதத்துக்குள்ளேயே கிறிஸ்மஸ் வந்த வருடம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் புதுக்குடித்தனம். நான் நிலாவெளிச் சைவக் குடும்பத்துப் பெண். கிறிஸ்தவ வீட்டுக்கு மருமகளாகி எனக்கு அது முதல் கிறிஸ்மஸ். கல்யாணத்துக்கே வராத மாமியார் கிறிஸ்மஸ் காலை மட்டக்களப்பிலிருந்து வருவதாக இருந்தார். ஒரு நல்ல கேக்கை வைத்தாவது அவர் மனதைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

அப்போது எங்கள் பக்கத்து வீடுகளில் கேக் சுடும் அடுப்பு கிடையாது. வீட்டில் கலவையை அடித்துத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோனால், பாண் சுடும் பெரிய செங்கல் அடுப்பான போறணையில் வைத்து வேகவைத்துத் தருவார்கள். ரவை, முந்திரிக் கஜு, உலர்ந்த பழங்கள், முட்டை எல்லாம் அலைந்து சேர்த்து, கை கழன்றுவிடும்போல அடித்தேன். தன் அம்மா இப்படித்தான் செய்வா என்று என் கணவர் பழங்களுக்குப் பிரண்டியைத் தாராளமாக ஊற்றினார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின பின்னேரம் தட்டோடு போய், தொப்பியும் நோன்பில் காய்ந்த உதடுமாக நின்ற பேக்கரி முதலாளியைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய போறணைக்குள் மது கலந்த இதை எப்படி வைப்பது?

"சொல்லாதையும். மணம் தெரியாது" என்று கணவர் கிசுகிசுத்தார். என் பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கும் சட்டியில் யாராவது மீனைப் போட்டால் என் அம்மா என்ன பாடுபடுவார் என்று நினைத்தேன். அதற்கு மேல் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானா, இதுக்குள்ள பிரண்டி கிடக்கு" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

தட்டை வாங்க நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். "அப்பிடியெண்டா ஏலாது தங்கச்சி. கோவிக்க வேணாம்" என்றார்.

மற்றப் பேக்கரிகளில் முதல்நாளே இடம் முடிந்துவிட்டது. அடித்த முட்டையோ காத்திருக்காது. தட்டைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

"அழாதீங்க. போறணையிலதான் ஏலாது. முற்றத்தில ஏலும்" என்றார் முதலாளி.

கொல்லைப்புறத்திலிருந்து பழைய பெரிய சமையல் கிடாரம் ஒன்றை இழுத்து வந்தார். உள்ளே மணலைப் பரப்பிச் சூடாக்கி, தட்டை இறக்கி மூடி, மூடியின் மேல் தணல் போடச் சொன்னார். தட்டை மட்டும் அவர் தொடவில்லை. தணலைத் தன் போறணையிலிருந்தே அள்ளித் தந்தார். மழை தூறியபோது ஒரு தகரத்தின் ஒரு முனையை என் கணவரும் மறுமுனையை அவருமாக நெருப்புக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை அங்கேயே வாயில் போட்டு நோன்பைத் திறந்தார்.

கிடாரத்தைக் கழுவித் தருவதாகச் சொன்னேன். "வேணாம், இனி அது உங்கட கிடாரம்" என்று சிரித்தார்.

கேக்கின் அடி கருகித்தான் இருந்தது. மறுநாள் காலை மாமியார் வந்து காரணம் கேட்டபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். கருகிய துண்டையே எடுத்து மென்றுகொண்டு, "வாற வருசமும் அந்த மனுசனிட்டயே கொண்டுபோவம் பிள்ளை. பிரண்டி வேண்டாம்" என்றார். தன்னோடு என்னையும் சேர்த்துச் சொன்ன அந்த 'கொண்டுபோவம்' எனக்குப் போதும். குசினிக்குள் போய் அடுப்பு முன்னால் ஒரு மூச்சு அழுதேன்.

இன்றும் யாருக்காவது ஏலாது என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த ஒரு சொல்லோடு கதவைச் சாத்திவிட எனக்கு மனம் வருவதில்லை.